சம்பளம் இங்கே... செலவு அங்கே! கெலமங்கலம் கடைத்தெரு என்ன ஆகும்?

கெலமங்கலம் பெருத்துக்கொண்டே வருகிறது. ஊர்ப் பக்கம் காசும் வருகிறது.

வந்த காசு ஊரிலேயே தங்குமா? அதுதான் கேள்வி.

கேள்வியைக் கிளப்பியிருப்பவை பெரிய பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள். அவை இருப்பது ஓசூரில். சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி. கடை அங்கே திறந்தாலும் அடி இங்கே விழும். அதுதான் இதில் உள்ள சூட்சுமம்!

நாலு பாஷைக் கடைத்தெரு

கெலமங்கலம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் உள்ள பேரூராட்சி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் இதுதான். சேலம்-பெங்களூர் ரெயில் பாதையில் இந்த ஊர் பெயரில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் ராகி, தக்காளி, முட்டைக்கோஸ், பூ விளைகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நாலு பாஷையும் புழங்குகிற இடம். நாலிலும் விலை சொல்லத் தெரிந்தவர்தான் இங்கே நல்ல வியாபாரி.

சந்தைக்கு வருகிற கிராமத்துக்காரர் காய்கறியோடு நிறுத்த மாட்டார். மருந்துக்கடை, துணிக்கடை, உரக்கடை, சலூன் என்று ஏறி இறங்கி, ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். ஒரு கடைக்கு வந்தவர் பத்துக் கடைக்குப் படியளந்துவிட்டுப் போவார். கடைத்தெரு பிழைப்பதே இப்படித்தான்.

ஓசூர் கதை வேறு. 1970-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டான் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. 2004-ல் தர்மபுரியைப் பிரித்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. அந்த வளர்ச்சி இப்போது தெற்கே நகர்ந்து கெலமங்கலம் பக்கம் வந்துவிட்டது. உத்தனப்பள்ளி, கூத்தனப்பள்ளி பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கையில் மாதச் சம்பளம்!

அந்தச் சம்பளத்தைத் தேடித்தான் பெரிய கடைகள் வரும்.

கறிவேப்பிலை மட்டும் கடனுக்கு!

மளிகைக் கடைக்காரரின் கணக்கு வெளியே இருந்து பார்த்தால் புரியாது.

கறிவேப்பிலை, தீப்பெட்டி, அஞ்சு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டில் அவருக்கு என்ன நிற்கும்? ஒன்றும் பெரிதாக நிற்காது. எண்ணெய், அரிசி, பருப்பு, சோப்பு என்று மாதச் சாமான் மொத்தமாகப் போனால்தான் வாடகை, கரண்டு பில், பையன் சம்பளம் எல்லாம் கட்டும். பெரிய கடை பிடுங்குவது சரியாக அந்த மாதச் சாமானைத்தான். மாச லிஸ்ட் ஓசூருக்குப் போய்விடும். "அண்ணா, கணக்குல எழுதிக்கோங்க, சம்பளம் வந்ததும் தரேன்" என்கிற வியாபாரம் மட்டும் உள்ளூரில் மிஞ்சும்.

ரொக்கம் அங்கே, கடன் இங்கே. எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதற்காக ஓசூருக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய கடை கம்பெனியிடமே நேராக மொத்தமாக வாங்குகிறது. சின்னக் கடைக்காரரோ ஏஜெண்ட், வினியோகஸ்தர் கை மாறி வந்த சரக்கை வாங்குகிறார். விலையில் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு உண்டு. சரக்கை எடுத்துப் பார்த்து வாங்கலாம். யாரும் முறைக்க மாட்டார்கள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது சின்ன விஷயம் அல்ல. இரவு ஷிப்டு முடித்து வருகிறவருக்கு நேரமும் முக்கியம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் அனுமதி கொடுத்தது. அண்ணன், தம்பி, அண்ணி என்று மூன்று பேர் நடத்துகிற கடை எப்படி 24 மணி நேரம் திறந்திருக்கும்?

அமெரிக்காவில் நடந்தது

இந்த விவகாரத்தை அமெரிக்காவில் ஒருவர் வருடக் கணக்கில் ஆராய்ந்தார். பெயர் கென்னத் ஸ்டோன். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1980-களில் அந்த மாநிலத்தில் வால்மார்ட் கடைகள் நுழைந்தபோது ஊர் ஊராக விற்பனைக் கணக்கைப் பார்த்தார்.

அவர் கண்டது பலருக்கும் அதிர்ச்சி. பெரிய கடை திறந்த ஊரில் எல்லாக் கடையும் படுக்கவில்லை. அதே சரக்கை விற்றவர்கள் அடி வாங்கினார்கள். ஓட்டல், மரச்சாமான் கடை போன்றவற்றுக்கு வந்த கூட்டத்தால் லாபம்கூட கிடைத்தது. பலத்த அடி வாங்கியது பக்கத்துச் சின்ன ஊர்கள்! அங்கிருந்த ஜனம் வண்டியேறி பெரிய கடைக்குப் போனது. போன இடத்திலேயே சாப்பிட்டது, துணி எடுத்தது. சொந்த ஊர்க் கடைத்தெரு காய்ந்தது.

ஓசூரையும் கெலமங்கலத்தையும் அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

அப்படியானால் பெரிய கடையை கெலமங்கலத்துக்கே கூப்பிட்டு விடலாமா? கூப்பிடலாம். எங்கே கட்டச் சொல்வது என்பதில்தான் இருக்கிறது வில்லங்கம். அதைக் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சென்னை தியாகராய நகரே சாட்சி.

ரங்கநாதன் தெரு பட்ட பாடு

தி.நகர் 1920-களில் குடியிருப்புப் பகுதியாகத் திட்டமிட்டுக் கட்டிய இடம். நடுவில் பனகல் பூங்கா, சுற்றிலும் வீதிகள், வீடுகள். மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய ரங்கநாதன் தெருவும் ஒரு காலத்தில் வீடுகள் இருந்த தெருதான். 1970 வாக்கில் பாத்திரக் கடையாகத் தொடங்கிய சரவணா ஸ்டோர்ஸ் வளர வளர, தெருவின் முகமே மாறியது. வீடு இருந்த இடமெல்லாம் மாடி மாடியாகக் கடை. தெருவின் அகலம் மட்டும் பழைய அகலம்!

2008 செப்டம்பர் 1-ந்தேதி அந்தத் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் கட்டிடத்தில் தீப்பிடித்து ஊழியர்கள் 2 பேர் உயிரிழந்தார்கள். 2011 அக்டோபர் கடைசியில் விதி மீறிக் கட்டியதாக தி.நகரில் பல கடைகளுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. பொங்கல் நேரம். 2012 ஜனவரியில் கடைகளைத் தற்காலிகமாகத் திறக்க அனுமதி கிடைத்தது. 2017 மே 31-ந்தேதி உஸ்மான் ரோட்டில் சென்னை சில்க்ஸ் ஏழு மாடிக் கட்டிடம் பற்றி எரிந்தது. கட்டிடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் கூட்டத்தைச் சமாளிக்க என்ன செய்தார்கள்? மாம்பலம் ரெயில் நிலையத்தில் இருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை கட்டினார்கள். செலவு 28 கோடியே 45 லட்சம் ரூபாய். 2023 மே மாதம் திறந்தார்கள். கடை கட்டியது தனியார். நடக்க வழி பண்ணியது மக்கள் வரிப்பணம்.

சென்னைக்கு 28 கோடி பெரிதில்லை. பேரூராட்சிக்கு?

ஒரே வருடத்தில் இரண்டு சட்டம்

பெரிய கடையைக் கண்டு பயந்தது நம் ஊர் மட்டும் அல்ல. பிரான்சில் 1973-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 40 ஆயிரம் பேருக்குக் குறைவான ஊரில் 1,000 சதுர மீட்டருக்கு மேல் கடை வைக்க வேண்டுமானால் தனிக் கமிட்டியிடம் அனுமதி வாங்க வேண்டும். அதில் வியாபாரிகளும் உட்கார்ந்தார்கள். அனுமதி கொடுப்பதில் லஞ்சம் புகுந்ததாகப் புகார் கிளம்பி, 1993-ல் கமிட்டியை மாற்றி அமைத்தார்கள். (லஞ்சத்துக்கு பாஸ்போர்ட் தேவையில்லை போலிருக்கிறது!)

ஜப்பானிலும் அதே 1973-ல்தான் பெரிய கடைச் சட்டம் வந்தது. சின்னக் கடையைக் காப்பாற்றுவது அதன் நோக்கம். 2000-ல் அதை எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். புதுச் சட்டம் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி: வண்டிகள் எங்கே நிற்கும்? ரோட்டில் நெரிசல் வருமா? இரவில் லாரி சத்தம் எவ்வளவு? குப்பை எங்கே போகும்?

நம் நாட்டில் சண்டை நடந்தது வேறு இடத்தில். 2012 செப்டம்பரில் பலசரக்குச் சில்லறை வியாபாரத்தில் 51 சதவீத வெளிநாட்டு முதலீட்டுக்கு மத்திய அரசு கதவைத் திறந்தது. வியாபாரிகள் சங்கங்கள் கொதித்தெழுந்தன. அன்றைய முதல்-அமைச்சர் ஜெயலலிதாவும் எதிர்த்தார். ஆனால் அந்த அனுமதியே 10 லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட நகரங்களை மனதில் வைத்து வந்தது. கெலமங்கலம் மாதிரி ஊருக்கு வரப்போவது உள்நாட்டுக் கம்பெனிக் கடைதான். அதற்கு அந்த அனுமதி எதுவும் தேவையில்லை. கோஷம் ஒரு வாசலில், கடை இன்னொரு வாசலில்!

சந்தைக்கு எங்கே இடம்?

இந்த மாதிரிக் கடைகள் பொதுவாக ஊர் ஓரத்தில் விலை மலிந்த பெரிய நிலமாகப் பார்க்கும். கார் நிறுத்த வசதி. கம்பெனிக்கு லாபம். ஆனால் ஊரை விட்டு வெகுதூரம் தள்ளிப் போய்விட்டால், கடைத்தெருவுக்கு வரும் கூட்டமும் கூடவே போய்விடும். பஸ் வசதி இல்லாதவர், வயதானவர் பாடு திண்டாட்டம். கடைத்தெருவுக்குள்ளேயே வந்துவிட்டாலோ, சரக்கு லாரியும் சந்தைக்கூட்டமும் ஒரே தெருவில் மோதும். ரங்கநாதன் தெரு கதைதான்.

நடந்து போகிற தூரத்தில், பஸ் நிலையத்தை ஒட்டி, சரக்கு இறக்கத் தனி வழியோடு இடம் ஒதுக்கினால் பெரிய கடைக்கு வந்தவர் சின்னக் கடைக்கும் ஏறுவார். வீடு கட்டி முடித்த பிறகு வாசலைத் திருப்ப முடியாது. நிலம் கைமாறும் முன்பே இதை முடிவு பண்ண வேண்டும். 2024 ஜூன் மாதம் ஓசூரில் 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று சட்டசபையில் அறிவிப்பு வந்தது. இந்த மாதிரி அறிவிப்புக்குப் பிறகு நிலத்தின் விலை பொறுத்திருக்காது.

கருவி இல்லாமல் இல்லை. 1971-ம் வருட நகர், ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. எந்த இடம் குடியிருப்பு, எது வியாபாரம், எது தொழில் என்று அந்தச் சட்டப்படி வரைபடத்தில் கோடு போடலாம். ஓசூருக்குத் தனி வளர்ச்சிக் குழுமம் அமைக்கப்படும் என்று அரசு 2022-ல் அறிவித்தது. தள்ளுவண்டி, கூடை, தரைக்கடை வியாபாரிகளுக்கு 2014-ம் வருட மத்திய சட்டம் உண்டு. கணக்கெடுக்காமல் அவர்களை விரட்டக்கூடாது என்று அது சொல்கிறது. காலங்காலமாக ஜனம் கூடி விற்று வாங்கும் இடத்தை "இயற்கைச் சந்தை" என்று தனியாகவே குறிப்பிடுகிறது. வாரச்சந்தைக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சட்டம்.

திட்ட வரைபடம் தயாராகும்போது நகல் வெளியிடுவார்கள். ஆட்சேபணை, யோசனை எழுதிக் கொடுக்கப் பொதுமக்களுக்கு அவகாசம் உண்டு. டீக்கடையில் பேசினால் அது பைலில் ஏறாது. எந்தத் தெருவில் எத்தனை கடை, சந்தை எவ்வளவு தூரத்துக்கு நீளுகிறது, லாரி எங்கே நிற்கிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அளந்து எழுதி, கையெழுத்துப் போட்டு, மனு கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொள்ள வேண்டும்.