வாக்குச்சீட்டா, வாக்கு இயந்திரமா? எதை நம்புவது?

நெல் விற்கப் போகும் விவசாயி தராசுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். தராசு பழையதா, புதியதா என்பது அவருக்குப் பெரிதல்ல. முள் எங்கே நிற்கிறது என்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்க விடாத வியாபாரியிடம் அவர் மறுமுறை போகமாட்டார். தேர்தலும் அப்படித்தான்.

இலங்கையில் நாம் கடதாசி வாக்குச்சீட்டிலேயே அடையாளமிட்டு வாக்களிக்கிறோம். இந்தியாவில் 2004ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் நாடு முழுவதும் மின்னணு இயந்திரத்தில் வாக்களிக்கிறார்கள். அங்கே தேர்தல் முடியும் போதெல்லாம் "இயந்திரத்தில் மோசடி" என்ற குற்றச்சாட்டும் எழுகிறது. இங்கும் இயந்திரம் வேண்டும் என்று அவ்வப்போது பேசப்படுவதால், இவ்விடயத்தை நாமும் விளங்கி வைத்திருப்பது நல்லது.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

வாக்காளர் முன் ஒரு பெட்டி இருக்கும். அதில் வேட்பாளர் பெயரும் சின்னமும், பக்கத்தில் ஒரு பொத்தானும் உண்டு. மற்றப் பெட்டி அதிகாரியின் மேசையில் இருக்கும். அவர் தன் பொத்தானை அழுத்திய பின்புதான் ஒருவர் ஒரு வாக்கை அளிக்க முடியும். இயந்திரம் மின்கலத்தில் இயங்குகிறது, இணையத்துடன் தொடர்பில்லை. வாக்குப்பதிவு தொடங்குமுன் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்களித்துச் சோதிப்பார்கள்.

இதனால் நன்மையும் உண்டு. செல்லுபடியற்ற வாக்குகள் இல்லை; எண்ணுவதும் விரைவு. ஒரு நிமிடத்தில் நான்கு வாக்குகளுக்கு மேல் பதிவாகாது. ஆகவே நிலையத்தைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாக வாக்குப் போடுவது கடினம்.

சந்தேகம் எங்கே?

அழுத்திய வாக்கு உள்ளே எப்படிப் பதிவானது என்பதை வாக்காளர் பார்க்க முடியாது. 2010இல் இந்திய, அமெரிக்க, ஒல்லாந்து நிபுணர்கள் சிலர், இயந்திரமொன்று கையில் கிடைத்தால் அதன் பாகத்தை மாற்றி எண்ணிக்கையைத் திரிக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். காவலும் முத்திரையும் இருக்கையில் அப்படிச் செய்ய முடியாது என்று தேர்தல் ஆணையம் பதிலளித்தது.

இதன்பின் கடதாசி திரும்பவும் வந்தது. 2013இல் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட அச்சுக் கருவி, வாக்களித்த சின்னத்தைத் துண்டில் அச்சிட்டு ஏழு விநாடிகள் கண்ணாடி வழியே காட்டும். பின் துண்டு மூடிய பெட்டிக்குள் விழும். 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் துண்டுகளை எண்ணி இயந்திரக் கணக்குடன் ஒப்பிடுகிறார்கள். எல்லாத் துண்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை. ஆயினும் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் கட்டணம் செலுத்தி, ஐந்து வீத இயந்திரங்களைச் சோதிக்கக் கோரலாம் என்று கட்டளையிட்டது.

ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் வேறொரு முடிவுக்கு வந்தது. 2005 தேர்தலில் அங்கு பயன்படுத்திய இயந்திரங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்றது. மோசடி நடந்ததாக அது சொல்லவில்லை. விசேட அறிவு இல்லாத சாதாரண குடிமகனும் தேர்தலின் முக்கிய படிகளைச் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதே காரணம். நமது தராசுக் கணக்கும் இதுதான்.

கடதாசியிலும் கள்ளம் உண்டு

அப்படியானால் வாக்குச்சீட்டு மட்டும் போதுமா? போதாது. 1999 ஜனவரியில் நடந்த வடமேல் மாகாணசபைத் தேர்தல் முழுக்க முழுக்கக் கடதாசியில்தான் நடந்தது. அங்கே முகவர்கள் விரட்டப்பட்டார்கள். பெட்டிகளில் கள்ள வாக்குகள் திணிக்கப்பட்டன. பார்க்க வேண்டிய கண்கள் அகற்றப்பட்டால் சீட்டும் காப்பாற்றாது.

இடம்பெயர்ந்த எமக்கு இதில் தனியான ஆபத்து உண்டு. ஊரில் இல்லாதவரின் பெயரிலேயே கள்ள வாக்குப் போடுவது இலகு. இடாப்பில் பெயர் இருந்து ஆள் வராவிட்டால், அந்த இடம் வேலியில்லாத தோட்டம் போன்றது. இடாப்பில் பெயரே இல்லாவிட்டாலோ, இயந்திரமும் சீட்டும் எமக்கு ஒன்றுதான்.

நாம் செய்யக்கூடியவை

1. வாக்காளர் இடாப்பு திருத்தப்படும் காலத்தில் கிராம அலுவலரிடம் சென்று உங்கள் குடும்பத்தவரின் பெயர்களைப் பாருங்கள். விடுபட்டிருந்தால் உடனே எழுத்தில் அறிவியுங்கள். இறந்தவர்களின் பெயரை நீக்கும்படியும் கேளுங்கள்.

2. தேசிய அடையாள அட்டை தொலைந்திருந்தால் தேர்தல் அறிவிக்கும்வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.

3. வாக்களிப்பு நிலையம் எங்கே என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள். 2010 ஜனாதிபதித் தேர்தலில் வவுனியா முகாம்களில் இருந்தோருக்காகக் கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. இப்படியான ஏற்பாட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கும் குடும்பங்கள் சேர்ந்து ஒழுங்கு செய்யுங்கள்.

4. வாக்காளர் அட்டையையும் அடையாள அட்டையையும் எவரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். காலையிலேயே சென்று வாக்களியுங்கள்.

5. உங்கள் பெயரில் வேறொருவர் வாக்களித்திருந்தால் பேசாமல் திரும்பாதீர்கள். பொறுப்பதிகாரியிடம் முறையிட்டுத் தனியான வாக்குச்சீட்டைக் கேளுங்கள். அது எண்ணிக்கையில் சேராது. ஆனால் மோசடி நடந்ததற்குச் சாட்சியாக இருக்கும்.

6. சங்கக் கூட்டத்திலும் ஆலய முன்றலிலும் இவற்றை எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

நாளை இயந்திரம் வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "என் வாக்கு எனது என்பதை நானே பார்த்துக்கொள்ள வழி உண்டா?" வழி இருந்தால் ஏற்போம். இல்லையென்றால் தராசைத் திருப்பிக் காட்டும்படி கேட்போம்.