சிறுநீரில் இறங்கும் சர்க்கரை: பயம் எதற்கு, கவனம் எதற்கு?

2025 மார்ச் 11 அன்று எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்தின் காப்புரிமை இந்தியாவில் முடிந்தது. அதுவரை 60 ரூபாய் அளவில் விற்ற மாத்திரை, சில நாட்களிலேயே பத்து ரூபாய்க்கும் கீழான விலையில், பல கம்பெனிகளின் பெயர்களில் மெடிக்கல் ஷாப்புகளுக்கு வந்துவிட்டது. அதே வகை மருந்தான டாபாகிளிஃப்ளோசின் விலை 2020-லேயே இப்படி இறங்கியிருந்தது. விலை இறங்க இறங்க வாசகர் கடிதங்கள் கூடுகின்றன. கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். ரத்தத்தில் சுகர் குறைந்திருக்கும்போது யூரின் டெஸ்டில் மட்டும் ஏன் நான்கு பிளஸ்? இந்த மாத்திரை யூரின் இன்ஃபெக்‌ஷனைக் கொண்டுவரும் என்கிறார்களே, நிறுத்திவிடலாமா?

சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிக்கிறது. அதோடு 160 முதல் 180 கிராம் குளுக்கோஸும் இறங்கிவிடுகிறது. அதை வீணாக்காமல் மீட்டெடுக்க, சிறுநீரக நுண்குழாயின் தொடக்கத்திலேயே ஒரு புரதம் காத்திருக்கிறது. எஸ்ஜிஎல்டி2 என்பது அதன் பெயர். சோடியம் செல்லுக்குள் பாயும் விசையைப் பிடித்துக்கொண்டு, குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். மீட்பில் சுமார் 90 சதவீதம் இதன் வேலை. இந்த மாத்திரைகள் அந்தப் புரதத்தைத்தான் தடுக்கின்றன. சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் சர்க்கரை நோயாளிக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை சர்க்கரை வெளியேறிவிடுகிறது. கணையத்தை விரட்டாமல், இன்சுலினை எதிர்பார்க்காமல் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் அழகான வழி இது. நான்கு பிளஸ் வந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் பொருள்.

இந்த மாத்திரைகளின் வேர் பழையது. 1835-ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை கொட்டுகிறது என்று 1886-ல் ஜெர்மன் மருத்துவர் வான் மெரிங் கண்டார். இந்தப் புரதத்தின் மரபணுவிலேயே பழுதோடு பிறப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் சிறுநீரில் சர்க்கரை போகிறது. பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

அப்படியானால் கிருமி? சர்க்கரை இருக்கும் இடத்தில் கிருமி பெருகும் என்பதுதான் இயல்பான ஊகம். ஆனால் சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை, சிறுநீர்ப் பாதையில் முதன்மையாக அமினோ அமிலங்களைத் தின்று வாழ்கிறது, சர்க்கரையை நம்பியில்லை. எம்பாகிளிஃப்ளோசின் பற்றி 2015-ல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில் 7,020 பேர் பங்கேற்றார்கள். சிறுநீர்த் தொற்று, வெற்று மாத்திரை போட்டவர்களில் 18.1 சதவீதம், மருந்து போட்டவர்களில் 18.0 சதவீதம். கூடியது வேறொன்று: பிறப்புறுப்புத் தொற்று, 1.8 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாக. இது பெரும்பாலும் பூஞ்சை. அதற்குச் சர்க்கரை பிடிக்கும். அரிப்பு, வெள்ளைப்படுதல், தோல் சிவத்தல் அதன் அடையாளங்கள். இதை யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று எண்ணி, கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுகிறவர்களுக்குப் பூஞ்சை இன்னும் பெருகும்.

‘சிறுநீர்த் தொற்று கூடவில்லை’ என்ற கம்பெனிகளின் வாசகத்தை அப்படியே விழுங்கவும் கூடாது. அது சராசரிக் கணக்கு. அதே ஆய்வில், சிறுநீர்ப் பாதையிலிருந்து கிருமி ரத்தத்தில் பரவும் யூரோசெப்சிஸ் வெற்று மாத்திரைப் பிரிவில் 0.1 சதவீதம், மருந்துப் பிரிவில் 0.4 சதவீதம். இத்தகைய உயிராபத்தான 19 தொற்றுகள் பற்றிய புகார்களை வைத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015 டிசம்பரில் இவ்வகை மாத்திரைகளின் குறிப்பில் எச்சரிக்கை சேர்த்தது. பிறப்புறுப்பைச் சுற்றிச் சதை அழுகும் ஃபோர்னியர் நோய் பற்றி 2018-ல் இன்னொன்று. இந்த எச்சரிக்கைகளுக்கு அடிப்படையான புகார்கள், யாரோ எழுதி அனுப்பியதால் கணக்கில் ஏறியவை மட்டுமே. ஆய்வில் இருந்தவர்களைத் தொடர்ந்து பரிசோதித்துக்கொண்டே இருந்தார்கள். பழைய சீட்டை நீட்டி மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவருக்கு அந்தக் காவல் கிடையாது. ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள் உள்ள நாட்டில் 0.4 சதவீதத்தைச் சின்ன எண் என்று ஒதுக்க முடியாது.

மாத்திரை மீதே பேச்சு முழுக்க நிற்பதால் சிறுநீர்த் தொற்றுக்கான பெரிய காரணம் மறைந்துபோகிறது. பல ஆண்டுகள் நீடித்த சர்க்கரை நோய், சிறுநீர்ப்பையின் நரம்புகளை மழுக்கிவிடும். பை நிறைந்தது தெரியாது. போன பிறகும் கொஞ்சம் மிஞ்சும். ஓடாத வாய்க்கால் தண்ணீர் போல அது தேங்கி, கிருமி நிலைத்துவிடும். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும் சேர்ந்துகொள்ளும். சுகர் எகிறும்போது வெள்ளையணுக்களும் மந்தமாகும். சிறுநீரகத்துக்குள்ளேயே கிருமிகள் சர்க்கரையை நொதிக்க வைத்து வாயு உண்டாக்கும் கொடிய தொற்று ஒன்று உண்டு. அதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகள்தான். கண்ணையும் காலையும் பார்க்கும் செக்கப்பில் சிறுநீர்ப்பையைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே வருவதில்லை. சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைச் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டிவிடும். அடிக்கடி தொற்று வருபவர்கள் இந்த மாத்திரையைத் தொடங்கும் முன் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக.

தொந்தரவே இல்லை, யூரின் கல்ச்சரில் கிருமி வந்திருக்கிறது? கர்ப்பிணி இல்லை, சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சை எதுவும் இல்லை என்றால், மருந்து தேவையில்லை.

கல்ச்சர் எப்போது? ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரைக்கு முன்.

குளிர்க்காய்ச்சல், விலாவில் வலி? அன்றே ஆஸ்பத்திரி.

கர்ப்பிணிகள் இந்த மாத்திரை போடலாமா? கூடாது.

ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள்? டாக்டரிடம் சொல்லி, குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை? இந்த மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரை அழைக்க வேண்டும், இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது. சுகர் பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் கூடிவிடலாம்.