துணைச் சர்வர் பின்தங்குவது ஏன்?

வங்கி, மருத்துவமனை முதலிய நிலையங்களின் தரவுத்தளம் ஒரே சர்வரை நம்பியிருப்பது ஆபத்தாகும். முதன்மைச் சர்வர் பழுதுற்றால் பொறுப்பேற்பதற்கெனத் துணைச் சர்வர் ஒன்றும் உடன் இயங்கி வரும். அது பின்தங்கியிருக்கும் வேளையில் முதன்மைச் சர்வர் அழிந்துபட்டால், துணைச் சர்வருக்கு வந்து சேராத பதிவுகள் யாவும் இழக்கப்படும். இப்பின்னடைவின் காரணத்தைக் கண்டறியும் முறையைப் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளைக் கொண்டு இங்கு விளக்குவோம்.

சிட்டையும் பேரேடும்

கடைக்கணக்கில் வரவு செலவை முதலில் சிட்டையில் குறித்து, பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவது வழக்கம். போஸ்ட்கிரெசும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு சிட்டையில் குறிக்கிறது. சாதாரணமாக 16 மெகாபைட் அளவுள்ள கோப்புகளாக இச்சிட்டை அமையும். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 9.0 பதிப்பு முதல், சிட்டையின் பதிவுகள் இடையறாது துணைச் சர்வருக்கு அனுப்பப்படுகின்றன. அது அவற்றைப் பெற்று, வட்டில் எழுதி, தன் பேரேட்டில் ஏற்றுகிறது.

தடை எங்கே?

அனுப்பியது, எழுதியது, வட்டில் நிலைபெற்றது, ஏற்றியது என்னும் நான்கு நிலைகளையும் முதன்மைச் சர்வரின் புள்ளிவிவரப் பட்டியல் காட்டும். எவ்விரு நிலைகளுக்கிடையே இடைவெளி மிகுகிறதோ, அங்கேயே காரணத்தைத் தேடுக.

1. முதன்மைச் சர்வர் குறித்ததற்கும் அனுப்பியதற்கும் இடையே: அச்சர்வரின் வேலைப்பளு.

2. அனுப்பியதற்கும் எழுதியதற்கும் இடையே: வலைப்பின்னலின் தாமதம் அல்லது துணைச் சர்வரின் பளு.

3. எழுதியதற்கும் நிலைபெற்றதற்கும் இடையே: துணைச் சர்வரின் வட்டு.

4. நிலைபெற்றதற்கும் ஏற்றியதற்கும் இடையே: துணைச் சர்வரில் நெடுநேரம் ஓடும் வினாக்கள். ஏற்றத்துக்கு இடையூறான வினாவின்பொருட்டு இயல்பான அமைப்பில் 30 வினாடி வரை ஏற்றம் காத்திருக்கும். இவ்வரம்பை உயர்த்தினால் பின்னடைவும் வளரும். முதன்மைச் சர்வரில் பலர் ஒருங்கே எழுதுவதைத் துணைச் சர்வரில் ஒரே செயல்முறை ஏற்றுவதும் மற்றொரு காரணமாகும்.

கடைசியாக ஏற்றிய நேரத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது. முதன்மைச் சர்வரில் புதிய பதிவே இல்லாதபோதும் அந்நேரம் பழையதாகவே தோன்றும்.

ஓர் எச்சரிக்கை

பின்னடைவு மிகுந்தால், துணைச் சர்வருக்குத் தேவையான சிட்டைக் கோப்புகளை முதன்மைச் சர்வர் நீக்கிவிடக்கூடும். காப்பகத்திலும் அவை இல்லையெனில், துணைச் சர்வரைப் புதிதாக அமைத்தல் வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் இந்நிலையே நேர்ந்தது. துணைச் சர்வரை மீண்டும் அமைக்க முயன்றபோது, அதன் கோப்பகமென்று கருதி முதன்மைச் சர்வரின் கோப்பகமே அழிக்கப்பட்டது. சுமார் ஆறு மணி நேரப் பதிவுகள் மீளவில்லை.

ஆகவே, எதையும் அழிக்குமுன் எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்பதை உறுதி செய்து கொள்க. தவறுதலாக நீக்கிய பதிவு துணைச் சர்வரிலும் நீங்கிவிடுமாதலால், தனிக் காப்புப் பிரதியும் இன்றியமையாதது. அதிலிருந்து தரவுத்தளத்தை மீட்க இயலுமா என்று அவ்வப்போது சோதித்து வருதலும் வேண்டும்.