காணாமல் போனவரைக் கொண்டுசென்றது காட்டு விலங்கா? தடயங்கள் சொல்வது என்ன?

பாலக்காடு: கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவின் சைரந்திரி பகுதியில் பணியிலிருந்த தற்காலிக வனக் காவலர் ஒருவர், 2022 மே மாதத் தொடக்கத்தில் ஓர் இரவு காணாமல் போனார். முகாமுக்கு அருகே அவரது செருப்பும் டார்ச் விளக்கும் கிடந்தன. புலி தாக்கியிருக்கலாம் என்ற சந்தேகம் உடனே எழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் நாள்கணக்கில் காட்டைச் சல்லடையாகச் சலித்தனர். வயநாட்டிலிருந்து தடம் பார்ப்பதில் தேர்ந்தவர்களும் வரவழைக்கப்பட்டனர். இரத்தக் கறையோ, உடலின் எச்சமோ கிடைக்கவில்லை. வனவிலங்கு தாக்கியதற்கான அறிகுறி இல்லை என்றே தேடியவர்கள் கூறினர்.

காட்டோரத்தில் ஒருவர் காணாமல் போனால், "விலங்கு அடித்திருக்கும்" என்ற பேச்சு எழுவது இயல்பே. பாலக்காட்டில் பரம்பிக்குளம் புலிகள் காப்பகமும், இடுக்கியில் சின்னார் சரணாலயமும் தமிழகத்தின் ஆனைமலைக் காடுகளோடு இணைந்து கிடக்கின்றன. யானை, புலி, சிறுத்தை, கரடி ஆகியவற்றுக்கு மாநில எல்லை தெரியாது. ஆனால், அவை தாக்கினால் தடயம் இருக்கும்.

எந்த விலங்கு எப்படித் தாக்கும்?

இடுக்கியில் அச்சத்துக்கு முதற்காரணம் யானை. 2024 பிப்ரவரியில் மூணாறு கன்னிமலை எஸ்டேட்டில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். யானை தாவர உண்ணி. தாக்கிய பின் உடலைத் தின்பதில்லை. பெரும்பாலும் உடல் தாக்குதல் நடந்த இடத்திலோ அதனருகிலோ கிடக்கும். கரடியும் முகத்தையும் தலையையும் குதறிவிட்டு விலகுவதே வழக்கம்.

புலியும் சிறுத்தையும் வேறு வகை. இவை இரையைப் புதருக்குள் இழுத்துச் செல்லக்கூடியவை. அப்போதும் தரையில் இழுத்த தடம், மிதிபட்ட புல், இரத்தம், கிழிந்த துணி, செருப்பு ஆகியவை எஞ்சும். உடலின் ஒரு பகுதியைத் தின்றாலும், மண்டையோடு, பெரிய எலும்புகள், முடி போன்றவை பெரும்பாலும் மிஞ்சும்.

பாலக்காட்டுக்கு அண்டையில் உள்ள கோவை மாவட்டம் வால்பாறையில், 2025 ஜூன் 20 அன்று பச்சமலை எஸ்டேட்டில் சிறுமி ஒருவரைச் சிறுத்தை கவ்விச் சென்றது. மறுநாளே உடல் மீட்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் வால்பாறையில் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டபோதும் சிறுத்தை மீதே சந்தேகம் விழுந்தது. ஆய்வுக்குப் பின், தாக்கியது கரடி என வனத்துறை தெரிவித்தது. காயத்தின் தன்மையும் பல், நகப் பதிவுகளும் தாக்கிய விலங்கை அடையாளம் காட்டும்.

ஆய்வகம் காட்டும் உண்மை

காயத்தில் படிந்த உமிழ்நீர், ஒட்டிய முடி ஆகியவற்றின் மரபணுச் சோதனை, கேமராப் படங்கள், விலங்கின் எச்சத்தில் உள்ள முடி, எலும்பு ஆகியவையும் சான்றுகளாகின்றன. 2025 ஜனவரியில் வயநாடு பஞ்சாரக்கொல்லியில் பெண் ஒருவரைக் கொன்ற புலி, பின்னர் இறந்து கிடந்தது. அதன் வயிற்றில் அப்பெண்ணின் முடி, உடை, காதணி ஆகியவை இருந்தது உடற்கூராய்வில் தெரியவந்தது.

மழை இத்தடயங்களுக்குப் பெரும் பகை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கால்தடமும் இரத்தமும் சில மணி நேரத்தில் அழிந்துவிடும். காட்டுப்பன்றி, நரி போன்றவை எச்சங்களைச் சிதறடிக்கும். ஆகவே, தாமதமாகத் தொடங்கிய தேடலில் தடயம் கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து, விலங்கு தாக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

விலங்கின் பெயரில் மறையும் உண்மைகள்

2023 செப்டம்பரில் பாலக்காடு அருகே கரிங்கரப்புள்ளியில் இரு இளைஞர்கள் காணாமல் போயினர். அவர்களது உடல்கள் வயலில் புதைக்கப்பட்ட நிலையில் மீட்கப்பட்டன. காட்டுப்பன்றிக்காக வைத்த மின்கம்பியில் சிக்கி இறந்தவர்களை நில உரிமையாளரே புதைத்ததாகக் காவல்துறை கண்டறிந்து அவரைக் கைது செய்தது. விலங்குக்கு வைத்த பொறி மனிதர்களைக் கொன்றது. மனிதர் அதை மறைத்தார். காணாமல் போன வழக்கை "விலங்கு" என்று அவசரப்பட்டு மூடிவிட்டால், இத்தகைய உண்மைகள் வெளிவராமலே போகும்.

குடும்பத்தின் நிலை

வனவிலங்குத் தாக்குதலில் உயிரிழப்போரின் குடும்பத்துக்குக் கேரளத்தில் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. மனித-வனவிலங்கு மோதலை மாநிலப் பேரிடராகவும் அம்மாநில அரசு 2024 மார்ச்சில் அறிவித்தது. ஆனால், இழப்பீடு பெற, இறப்பும் அதன் காரணமும் நிறுவப்பட வேண்டும். உடல் கிடைத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவின்படி விசாரணை நடக்கும். விலங்கால் நேர்ந்த மரணமும் அப்பிரிவில் அடங்கும். உடல் கிடைக்காவிட்டால், பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 111-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. உயிரோடிருந்தால் தகவல் அறிந்திருக்கக் கூடியவர்களுக்கு ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாதபோதே, ஒருவர் இறந்ததாகக் கருதச் சட்டம் இடம் தருகிறது. அதுவரை குடும்பத்தினருக்கு ஈமச்சடங்கும் இல்லை, இழப்பீடும் இல்லை.

காட்டோரத்தில் ஒருவர் திரும்பி வராவிட்டால், விடியட்டும் எனக் காத்திராமல் காவல் நிலையத்துக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் தகவல் தர வேண்டும். கடைசியாக அவர் காணப்பட்ட இடத்தைக் கூட்டமாக மிதிக்காமல் காக்க வேண்டும். கிடக்கும் செருப்பையோ துணியையோ கையால் எடுக்காமல், இருந்த இடத்திலேயே படம் பிடிக்க வேண்டும். மழைக்கு முன் கிட்டும் அந்த ஒரு தடமே, குடும்பத்தின் ஏழாண்டுக் காத்திருப்பைத் தவிர்க்கக்கூடும்.