புராஸ்டேட் புற்றுநோய்: ஆபரேஷன் வேணுமா, காத்திருக்கலாமா? மரபணுக்களின் 'வேலை'யை வைத்து கணிப்பது எப்படி?

60 வயதைக் கடந்த ஒருவருக்கு ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ அளவு கூடுதலாக இருக்கிறது. பயாப்ஸி எடுக்கிறார்கள். 'புராஸ்டேட் புற்றுநோய்' என்று முடிவு வருகிறது. 'உடனே ஆபரேஷன் பண்ணிடலாமா டாக்டர்?' என்று குடும்பமே பதறுகிறது. ஆனால் மருத்துவரோ, 'அவசரம் இல்லை, கொஞ்ச காலம் கண்காணிக்கலாம்' என்கிறார்.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் சும்மா இருப்பதா? கேட்கவே பயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த முடிவை எடுக்க உதவும் ஒரு கருவி இப்போது மருத்துவர்களிடம் இருக்கிறது. கட்டிக்குள் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்று அளந்து, நோய் எப்படிப் போகும் எனக் கணிக்கும் பரிசோதனைதான் அது.

காத்திருப்பது ஆபத்து இல்லையா?

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சிறிய சுரப்பி. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 14.7 லட்சம் பேருக்கு இந்தச் சுரப்பியில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள பெரிய இடைவெளியைக் கவனியுங்கள். புராஸ்டேட் புற்றுநோய் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பலருக்கு மிக மெதுவாக வளரும். ஆயுசுக்கும் தொந்தரவு தராமலே இருந்துவிடும். சிலருக்கோ வேகமாக எலும்பு வரை பரவி உயிரைப் பறிக்கும்.

பிரிட்டனில் நடந்த 'புரொடெக்ட்' ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சுரப்பியைத் தாண்டிப் பரவாத புற்றுநோய் உள்ள 1,643 ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அறுவை சிகிச்சை, இன்னொன்றுக்கு கதிர்வீச்சு, மூன்றாவது குழுவுக்கு கண்காணிப்பு. சுமார் 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தம் 45 பேர்தான். அதாவது 2.7%. மூன்று குழுக்களிலும் இந்த விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது.

அதற்காக கண்காணிப்பே போதும் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. கண்காணிப்பில் இருந்தவர்களில் 9.4% பேருக்கு நோய் உடலின் வேறு இடங்களுக்குப் பரவியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தவர்களில் இது 4.7%. மறுபக்கம், அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர்க் கசிவு, தாம்பத்திய உறவில் சிக்கல் போன்றவை பலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன.

ஆக, யாரை விட்டுப் பிடிக்கலாம், யாருக்கு உடனே சிகிச்சை வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் உண்மையான சவால்.

இதுவரை எப்படிக் கணித்தார்கள்?

மூன்று விஷயங்களை வைத்து. ரத்தத்தில் பிஎஸ்ஏ அளவு, கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற நிலை, மூன்றாவதாக க்ளீசன் ஸ்கோர். அமெரிக்க மருத்துவர் டொனால்ட் க்ளீசன் 1966இல் உருவாக்கிய முறை இது. பயாப்ஸியில் எடுத்த திசுவை நோயியல் நிபுணர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, செல்களின் அமைப்பு எவ்வளவு கலைந்திருக்கிறது என்பதற்கு மதிப்பெண் போடுவார். இன்றைக்கு பயாப்ஸியில் பொதுவாக 6 முதல் 10 வரை ஸ்கோர் தருகிறார்கள். 6 என்றால் ஆபத்து குறைவு, 9, 10 என்றால் மிக அதிகம்.

இன்றும் இதுதான் அடிப்படை. ஆனால் நடுவில் இருக்கும் 7 என்ற ஸ்கோரில்தான் குழப்பம். ஒரே ஸ்கோர், ஒரே பிஎஸ்ஏ அளவு உள்ள இரண்டு பேரில் ஒருவர் நன்றாக இருப்பார், இன்னொருவருக்கு நோய் பரவிவிடும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும், செல்லுக்குள் நடப்பது வேறாக இருக்கலாம்.

மரபணு 'வேலை செய்வது' என்றால் என்ன?

நம் உடலில் ஏறக்குறைய எல்லா செல்களிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. ஆனால் எல்லா மரபணுக்களும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. ஒரு வீட்டில் 20 லைட் இருந்தாலும், தேவையான அறையில் மட்டும் ஸ்விட்ச் போடுவது மாதிரி.

ஒரு மரபணு வேலை செய்யத் தொடங்கினால், தன்னுடைய தகவலை ஆர்என்ஏ என்ற மூலக்கூறாக நகல் எடுக்கும். நகல் அதிகம் இருந்தால், அந்த மரபணு மும்முரமாக இயங்குகிறது என்று அர்த்தம். செல் பிரிவதற்கான மரபணுக்கள் மும்முரமாக இயங்கினால், கட்டி வேகமாக வளர்கிறது என்று பொருள்.

இதற்காக மறுபடியும் ஊசி குத்த வேண்டியதில்லை. பயாப்ஸியின்போது எடுத்து, மெழுகுக் கட்டியில் பத்திரப்படுத்திய திசுவிலிருந்தே ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து அளந்துவிடலாம்.

என்னென்ன பரிசோதனைகள் இருக்கின்றன?

* ப்ரோலாரிஸ்: மொத்தம் 46 மரபணுக்கள். இதில் 31 செல் பிரிவோடு தொடர்புடையவை. மீதி 15 எப்போதும் ஒரே சீராக இயங்குபவை. இவை அளவுகோல் மாதிரி. திசு கொஞ்சமாக இருந்தாலும், ஆர்என்ஏ சிதைந்திருந்தாலும் கணக்கு தப்பாமல் இருக்க இவை உதவுகின்றன. பிரிட்டனைச் சேர்ந்த ஜாக் குசிக் தலைமையிலான குழு 2011இல் இதன் முடிவுகளை வெளியிட்டது.

* ஆன்கோடைப் டிஎக்ஸ்: 17 மரபணுக்கள். ஆண் ஹார்மோன், செல்லின் கட்டமைப்பு, சுற்றியுள்ள திசு, செல் பெருக்கம் என்று நான்கு கோணங்களில் பார்த்து 0 முதல் 100 வரை ஸ்கோர் தருகிறது.

* டிசைஃபர்: 22 ஆர்என்ஏ குறியீடுகளை வைத்து 0 முதல் 1 வரை ஸ்கோர். 0.45க்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, 0.60க்கு மேலே போனால் அதிகம். நோய் பரவும் வாய்ப்பைக் கணிப்பதே இதன் நோக்கம். அறுவை சிகிச்சையில் அகற்றிய சுரப்பியிலும் இதைச் செய்யலாம்.

சிகிச்சை முடிவு மாறுமா?

மாறலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோய் மீண்டும் தலைகாட்டியவர்களுக்கு கதிர்வீச்சோடு ஹார்மோன் மாத்திரையும் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் பாதுகாத்து வைத்திருந்த திசுக்களை டிசைஃபர் மூலம் மறுபடியும் பரிசோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்கோர் அதிகம் உள்ளவர்களில், ஹார்மோன் சிகிச்சையால் 12 ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் 8.9% கூடியது. ஸ்கோர் குறைவாக உள்ளவர்களில் அது வெறும் 2.4%தான்.

ஹார்மோன் சிகிச்சை என்றால் சாதாரண விஷயம் இல்லை. சோர்வு, மார்பக வீக்கம் என்று பக்கவிளைவுகள் உண்டு. பெரிய பலன் கிடைக்காதவருக்கு அந்தக் கஷ்டத்தைத் தவிர்க்க முடிந்தால், அதுவே பெரிய நிம்மதி.

பிஆர்சிஏ பரிசோதனையும் இதுவும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். பிஆர்சிஏ2 போன்றவை பெற்றோரிடமிருந்து வரக்கூடிய மரபணு மாற்றங்கள். ரத்தம் அல்லது உமிழ்நீரில் பார்ப்பார்கள். அந்த மாற்றம் இருந்தால் பிள்ளைகள், உடன்பிறந்தவர்களும் கவனமாக இருக்க வேண்டும். டிசைஃபர் போன்றவை கட்டியின் இப்போதைய நடவடிக்கையை மட்டுமே பார்க்கின்றன. அதில் வரும் ஸ்கோர் பரம்பரைக்குப் போகாது.

எங்கே கவனம் தேவை?

* ஸ்கோர் என்பது வாய்ப்புக் கணக்கு மட்டுமே. '10% ஆபத்து' என்றால், அந்த 10 பேரில் ஒருவராக நாமும் இருக்கலாம்.

* புராஸ்டேட்டில் ஒரே நேரத்தில் பல இடங்களில் கட்டி இருக்கலாம். ஊசி மென்மையான பகுதியைத் தொட்டுவிட்டு, மூர்க்கமான பகுதியைத் தவறவிட்டால் ஸ்கோரும் தவறாக வழிகாட்டும்.

* ஸ்கோரைப் பார்த்து சிகிச்சையைக் கூட்டுவதும் குறைப்பதும் சரிதானா என்று உறுதிசெய்ய அமெரிக்காவில் பெரிய ஆய்வுகள் தொடங்கப்பட்டுள்ளன.

* ஆபத்து மிகக் குறைவு அல்லது மிக அதிகம் என்று ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பரிசோதனையால் பெரிய மாற்றம் வராது. செலவும் அதிகம்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

'என் க்ளீசன் ஸ்கோர் என்ன? நான் எந்த ஆபத்துப் பிரிவில் இருக்கிறேன்? இந்தப் பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை அதேதான் என்றால், இது தேவையா?' இந்த மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு 'சிகிச்சை மாற வாய்ப்பு இருக்கிறது' என்று பதில் வந்தால், அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

கண்காணிப்பு என்று முடிவானாலும், 'எனக்குத்தான் ஒன்றும் இல்லையே' என்று இருந்துவிடக் கூடாது. குறித்த தேதியில் பிஎஸ்ஏ, தேவைப்படும்போது ஸ்கேன், மறு பயாப்ஸி என எதையும் தள்ளிப்போடாமல் செய்வதுதான் அந்தச் சிகிச்சையே.