அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து: கூட்டமைப்புகளின் மாற்றமும் பிளே-ஆஃப் முறையும்

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழக அணிகளுக்கு இடையே நடைபெறும் விளையாட்டாகும். இது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதியதே முதல் ஆட்டமாகக் கொள்ளப்படுகிறது. இன்று முதல்நிலைப் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடும் வழக்கமான ஆட்டங்களோ 12 தான்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிக்கல் புரிந்துவிடும். ஐ.பி.எல். போட்டியில் பத்து அணிகள். ஒரே புள்ளிப் பட்டியல். முதல் நான்கு அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்குச் செல்லும். இங்கே அப்படி ஒரே பட்டியல் போட வழியில்லை. தோல்வியே காணாத இரண்டு அணிகள் ஒன்றையொன்று சந்திக்காமலேயே பருவம் முடிந்துவிடலாம். அப்போது சாம்பியன் யார்?

வாக்கெடுப்பில் சாம்பியன்

நெடுங்காலம் இதற்கு விடை சொன்னது வாக்கெடுப்பே. 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டுச் செய்தியாளர்களிடமும், 1950 முதல் மற்றொரு நிறுவனம் பயிற்சியாளர்களிடமும் வாக்குப் பெற்றுத் தரவரிசை வெளியிட்டன. இரண்டும் வேறுபட்டால் ஒரே ஆண்டில் இரண்டு சாம்பியன்கள்! கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, கீழ்நிலைப் பிரிவுகளில் 1970-களிலிருந்தே நாக்-அவுட் முறையில் போட்டி நடத்திச் சாம்பியனைத் தேர்ந்தெடுத்து வருகிறது. முதல்நிலைப் பிரிவில் மட்டும் அது இன்றுவரை சாம்பியன் பட்டம் வழங்கியதில்லை. காரணம், ரோஸ் பவுல் போன்ற பழைய புத்தாண்டுக் காலப் போட்டிகளும் பெரிய கூட்டமைப்புகளும் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள். அவற்றின் வருமானத்தை விட்டுக்கொடுக்க யாரும் முன்வரவில்லை.

1998-இல் பி.சி.எஸ். என்னும் முறை வந்தது. வாக்கெடுப்பையும் கணினிக் கணக்கீட்டையும் சேர்த்து இரண்டு அணிகளைத் தேர்ந்து இறுதி ஆட்டம் வைத்தார்கள். 2003-இல் இரு வாக்கெடுப்புகளிலும் முதலிடத்தில் இருந்த தெற்குக் கலிபோர்னியா அணியைக் கணினிக் கணக்கு வெளியே தள்ளியது. இறுதி ஆட்டத்தில் லூசியானா ஸ்டேட் வென்றது. செய்தியாளர்களோ தெற்குக் கலிபோர்னியாவையே சாம்பியன் என்றனர். அடுத்த ஆண்டு ஆபர்ன் அணி ஆடிய எல்லா ஆட்டங்களிலும் வென்றும் இறுதி ஆட்டத்துக்கு அழைக்கப்படவில்லை.

நான்கிலிருந்து பன்னிரண்டு

2014 பருவத்தில் நான்கு அணிகள் கொண்ட பிளே-ஆஃப் தொடங்கியது. அணிகளைத் தேர்ந்தெடுப்பது 13 பேர் கொண்ட குழு. பெரிய கூட்டமைப்புகள் ஐந்து, இடங்கள் நான்கு. கணக்கு தொடக்கத்திலேயே இடிக்கிறது அல்லவா?

2023-இல் அது வெடித்தது. புளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களில் 13-லும் வென்று தன் கூட்டமைப்பின் சாம்பியனாகவும் ஆனது. ஆனால் அதன் முதன்மை ஆட்டக்காரர் காயமடைந்திருந்ததால் அணி வலுவிழந்துவிட்டது என்று கருதிய குழு, ஒரு தோல்வி கண்டிருந்த அலபாமாவுக்கு நான்காம் இடத்தைக் கொடுத்தது. பின்னர் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் புளோரிடா ஸ்டேட் 63–3 என்று தோற்றதைக் காட்டிக் குழுவின் முடிவு சரி என்போர் உண்டு. அந்த ஆட்டத்தில் அதன் வீரர்கள் பலர் களமிறங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தேர்வெழுதி முழு மதிப்பெண் வாங்கிய மாணவனிடம், அடுத்த தேர்வில் நீ சரியாக எழுதமாட்டாய் என்று சொல்லிப் பரிசை மறுப்பது முறையா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2024 முதல் 12 அணிகள் ஆடுகின்றன. அவ்வாண்டு, தர வரிசையில் முன்னிற்கும் ஐந்து கூட்டமைப்புச் சாம்பியன்களுக்கு இடம் உறுதி செய்யப்பட்டது. மீதி ஏழு இடங்களைக் குழு நிரப்பியது. முதல் சுற்று பல்கலைக்கழக மைதானங்களிலேயே நடந்தது. ஒகையோ ஸ்டேட் அணி தன் பழைய எதிரியான மிச்சிகனிடம் கடைசி வழக்கமான ஆட்டத்தில் தோற்று, கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்துக்குக்கூடப் போகவில்லை. ஆனாலும் பிளே-ஆஃபில் நான்கு ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று, 2025 ஜனவரி 20 அன்று நாட்டர் டேமை 34–23 என வீழ்த்திச் சாம்பியன் ஆனது. பழைய முறையில் இது நடந்தே இருக்காது. அதே வேளை, அந்த மாணவர்கள் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 16.

கூட்டமைப்புகள் கலைந்த கதை

கான்பரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகள் அக்கம்பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் தமக்குள் அமைத்துக்கொண்டவை. 1896-இல் தோன்றிய பிக் டென் மத்திய மேற்குக்கும், 1915-இல் வேர்கொண்ட பேக்-12 பசிபிக் கரைக்கும் உரியனவாக இருந்தன. 1984-இல் உச்ச நீதிமன்றம், தொலைக்காட்சி உரிமையை என்.சி.ஏ.ஏ. மட்டுமே கையில் வைத்திருப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு கூட்டமைப்புகள் தாமே ஒளிபரப்பு ஒப்பந்தம் பேசின. எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் என்பதைவிட எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பது முக்கியமாயிற்று.

டெக்சாசும் ஓக்லஹோமாவும் தென்கிழக்குக் கூட்டமைப்புக்கு மாறுவதாக 2021-இல் அறிவித்தன. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும் பிக் டென் பக்கம் போயின. 2024-இல் இந்த மாற்றங்கள் நடைமுறைக்கு வந்தபோது பேக்-12-இன் பன்னிரண்டில் பத்து வெளியேறிவிட்டன. எஞ்சியவை ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டே. அவை செய்த தவறு ஒன்றுமில்லை. சிறிய ஊர்களில் இருந்தன, அவ்வளவுதான். கூட்டமைப்பின் சொத்துரிமையை நீதிமன்றத்தில் போராடிக் காத்த அவை, போய்சி ஸ்டேட் முதலியவற்றைச் சேர்த்து 2026-இல் அதை மீண்டும் எழுப்பத் திட்டமிட்டன.

பெயர்கள் மட்டும் மாறவில்லை. பிக் டென்னில் இப்போது 18 உறுப்பினர்கள். பிக் 12-இல் 16. பசிபிக் கரையில் உள்ள ஸ்டான்போர்டு, அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் ஆடுகிறது! ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் நூறு முறைக்கு மேல் மோதிய உள்ளூர்ப் போட்டி 2023-உடன் நின்றுபோனது. மறுபக்கம், 2011-க்குப் பின் ஆடாதிருந்த டெக்சாசும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் 2024-இல் மீண்டும் சந்தித்தன.

காற்பந்து அணி வாரம் ஒருமுறை தனி விமானத்தில் போய் வந்துவிடும். ஆனால் கூட்டமைப்பு மாறும்போது பெரும்பாலும் வாலிபால், சாப்ட்பால் போன்ற மற்ற அணிகளும் கூடவே மாறுகின்றன. ரட்கர்ஸ் இருக்கும் நியூ ஜெர்சிக்கும் லாஸ் ஏஞ்சலசுக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். மூன்று மணி நேர வேறுபாடு. அந்த மாணவிகள் அவ்வளவு தூரம் போய் ஆடிவிட்டுத் திரும்பி வகுப்புக்கு வர வேண்டும்.