இடுப்பு மூட்டு வலி: ஓய்வு மட்டும் போதாது

மாடிப்படி ஏறினால் வலி. ஒருக்களித்துப் படுத்தால் வலி. தொழுகையில் ஸஜ்தா செய்துவிட்டு எழுவதற்குள் பெரும்பாடு. நம் வீடுகளில் 40 வயதைத் தாண்டிய பெண்கள் பலர் இப்படிச் சொல்கிறார்கள். "எலும்பு தேய்ந்துவிட்டது, இனி ஓய்வுதான்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் இடுப்பின் பக்கவாட்டில் வரும் வலிக்குப் பெரும்பாலும் காரணம் எலும்புத் தேய்மானம் அல்ல. அங்குள்ள தசைகளின் பலவீனமே.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அப்போது இடுப்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பவை பிட்டத்தின் பக்கவாட்டுத் தசைகள். இவை தளர்ந்தால் இடுப்பு சரியும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண், தொடை எலும்பின் மேல்புடைப்பில் அழுந்தி வலிக்கும். வலிக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் தசை மேலும் மெலியும், வலியும் கூடும்.

இத்தகைய வலியுள்ள 204 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. 8 வாரங்களில், பயிற்சியும் ஆலோசனையும் பெற்றவர்களில் 77 சதவீதத்தினர் நன்கு தேறினர். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58 சதவீதத்தினரும், சிகிச்சையின்றிக் காத்திருந்தவர்களில் 29 சதவீதத்தினரும் தேறினர்.

வீட்டில் செய்யக்கூடியவை:

• மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி 5 நொடி நிறுத்துங்கள். 10 முறை செய்யலாம்.
• நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 10 முறை எழுந்து அமருங்கள். முடியாவிட்டால் 5 முறையில் தொடங்குங்கள்.
• ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையே தலையணை வையுங்கள்.
• கால்மேல் கால் போட்டு அமராதீர்கள்.
• கைத்தடியை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடியுங்கள்.

பயிற்சியின்போது வலி கடுமையானால் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்போருக்கு வைட்டமின் டி குறைந்து, தொடை, இடுப்புத் தசைகள் தளரலாம். தரையிலிருந்து எழச் சிரமப்பட்டால் இரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாகவே வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

தொடை இடுக்கில் வலித்தால் மூட்டிலேயே கோளாறு இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டாலோ, காய்ச்சலுடன் வலித்தாலோ, கால் மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இயலாதபோது நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்த நாட்களிலும் முடிந்த பயிற்சியைத் தொடர்வோம். உம்மாவைத் தனியே செய்யச் சொல்லாமல் மகளும் மருமகளும் கூடச் சேர்ந்து செய்தால், இன்ஷா அல்லாஹ், பலன் வீட்டுக்கே கிடைக்கும்.